பனித் தீவின் சுயாட்சி

வீட்டில் பிள்ளைகள் படிக்கிற உலகப் படத்தை ஒரு நிமிஷம் விரித்து வைத்துக்கொண்டு வடக்குக் கோடியைப் பாருங்கள். ஆப்பிரிக்காக் கண்டத்தோடு போட்டி போடுகிற மாதிரி ஒரு பெரிய வெள்ளைத் தீவு அங்கே தெரியும். அது படம் சொல்லும் பொய். உருண்டையான பூமியைத் தட்டையான காகிதத்தில் இழுத்துப் பரப்பியதால் உண்டான வீக்கம். உள்ளபடி அந்தத் தீவின் பரப்பு சுமார் 21,66,000 சதுர கிலோமீட்டர்; நமது இந்தியாவில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். அதுவும் அற்பமல்ல. உலகத்துத் தீவுகளில் அதுதான் மிகப் பெரியது.

கிரீன்லாந்து, அதாவது பசுமை நாடு, என்பது அதன் பெயர். ஜனங்களை ஆசை காட்டிக் குடியேற்றுவதற்காகச் சிவப்புத் தாடி எரிக் என்ற வடதேசத்து வீரன் ஆயிரம் வருஷங்களுக்கு முன் வைத்த பெயர் என்று பழைய கதைகள் சொல்கின்றன. நிலம் விற்கிறவர்கள் சாமர்த்தியம் இன்று நேற்று ஏற்பட்டதல்ல போலும்! உண்மையில் தீவின் ஐந்தில் நாலு பங்கைப் பனிக்கட்டி மூடிக்கொண்டிருக்கிறது. மிச்சமுள்ள கடற்கரை ஓரத்தில், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலையே இல்லாமல், படகிலும் விமானத்திலும் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியிலும் போய் வந்துகொண்டு சுமார் 56,000 ஜனங்கள் வாழ்கிறார்கள். நம் பக்கத்தில் இது ஒரு நடுத்தர முனிசிபல் ஊரின் ஜனத்தொகை.

இவ்வளவு சொற்பமான ஜனங்கள் தங்களுக்கென்று ஒரு சட்டசபையையும் மந்திரிசபையையும் அமைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. ஒருவர் சிறை புகவில்லை. இரண்டு வாக்கெடுப்புகளில் காரியம் முடிந்தது. ஆனால் சட்டம் செய்வது, அதை நடத்துவது, நியாயம் தீர்ப்பது என்று அரசாட்சிக்கு மூன்று கால்கள் உண்டல்லவா? முதல் இரண்டு கால்கள் அவர்களுடையவை. மூன்றாவது கால் 2025 வரையிலும் டென்மார்க்குடையதாகவே இருந்து வந்தது. சட்டசபை இவ்வளவு சுலபமாகக் கிடைத்த தேசத்தில் கோர்ட்டு மட்டும் ஏன் கைக்கு வந்து சேரவில்லை? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

தரங்கம்பாடியும் பனித் தீவும்

டென்மார்க் என்றதும் நமக்குத் தரங்கம்பாடி ஞாபகம் வரும். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். 1845-இல் அதை ஆங்கிலக் கும்பினிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அந்தத் தரங்கம்பாடிக்குச் சீகன்பால்கு பாதிரியாரை 1706-இல் அனுப்பி வைத்தவர் நாலாம் பிரெடரிக் அரசர். அதே அரசருடைய காலத்தில்தான், 1721-இல், ஹான்ஸ் எகெடே என்ற நார்வே தேசத்துப் பாதிரியார் கிரீன்லாந்தில் போய் இறங்கினார். 1714-இல் கோபன்ஹேகனில் ஏற்பட்ட மிஷன் சபை இரண்டு இடத்து வேலையையும் மேற்பார்த்தது. சோழ மண்டலக் கரையில் வெயிலில் வாடியவரும் வடதுருவத்தில் குளிரில் விறைத்தவரும் ஒரே மேஜைக்குக் கடிதம் எழுதினார்கள்! சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. எகெடேயின் குமாரர் பால் எகெடே கிரீன்லாந்து பாஷையில் அதே நூலை முழுமையாகக் கொண்டுவர 1766 வரை ஆயிற்று.

தரங்கம்பாடியை விட்டுப் போனவர்கள், கிரீன்லாந்தை விட்டுப் போகவில்லை.

எகெடே போன சமயத்தில் அங்கே ராஜா இல்லை, மந்திரி இல்லை, கோர்ட்டும் இல்லை. ஆனால் வழக்கு இருந்தது. மனிதர்கள் இருக்கும் இடத்தில் அது இல்லாமல் இருக்குமா? ஒருவன் தனக்குத் தீங்கு செய்துவிட்டான் என்று நினைக்கிறவன், அவனைப் பாட்டுச் சண்டைக்கு அழைப்பான். ஊர் கூடும். தோற்கருவியைத் தட்டிக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் எதிராளியைக் கேலி செய்து பாடுவார்கள். ஊர் யாரைப் பார்த்து அதிகமாகச் சிரித்ததோ அவன் தோற்றவன். நம் தஞ்சை ஜில்லாவில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று லாவணி பாடி விடிய விடியத் தர்க்கம் செய்வார்களே, அந்த மாதிரி. இங்கே மன்மதனைப் பற்றிய தர்க்கம், அங்கே அண்டை வீட்டுக்காரனைப் பற்றியது. இதையெல்லாம் ஒரே ராம ராஜ்யமாக எண்ணிவிட வேண்டாம். கொலைக்குக் கொலை என்று பழி வாங்கும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. ஆயினும் வழக்கைக் கேட்டவர்களும் தீர்ப்புச் சொன்னவர்களும் பிரதிவாதியின் பாஷையைத் தாய்ப்பாலோடு அறிந்தவர்கள். பாதிரிமார்களுக்கு அந்தத் தோற்கருவி பிடிக்கவில்லை. நாளடைவில் அதன் ஓசை அடங்கிற்று.

வேட்டைக்காரர்களின் சபை

அடுத்த நூறு வருஷங்களில் வியாபாரமும் அதிகாரமும் டேனிஷ்காரர் கைக்குப் போயின. 1776 முதல் அரசாங்கத்தின் சொந்த வியாபார ஸ்தாபனமே சீல் என்னும் கடல் நாயின் கொழுப்பையும் தோலையும் வாங்கிற்று. ரொட்டியையும் காப்பியையும் விற்றது. நல்ல வேட்டைக்காரனுக்கு முன்பு ஊரில் இருந்த மதிப்புக் குறைந்தது. இதைக் கண்டு மனம் வருந்தியவர் ஹின்ரிச் ரிங்க் என்ற டேனிஷ் அதிகாரி. மண்ணையும் பாறையையும் ஆராய வந்த சாஸ்திர நிபுணர்; தெற்குக் கிரீன்லாந்தின் இன்ஸ்பெக்டராக உயர்ந்தவர். ஜனங்களுடைய பழைய ஒழுங்கை நாம் குலைத்துவிட்டோம், அதற்குப் பதில் ஒன்றும் கொடுக்கவில்லை என்பது அவர் கட்சி.

ஆகவே 1850-களின் பிற்பகுதியில் ரிங்க் ஊர்தோறும் ஒரு சபையை ஏற்படுத்தத் தொடங்கினார். பாதிரியார், வியாபார ஸ்தாபனத்து அதிகாரி முதலியவர்களோடு, ஊராரின் பிரதிநிதிகளாக வேட்டைக்காரர்களும் அதில் உட்கார்ந்தார்கள். ஏழைகளுக்கு உதவி அளிப்பது, சிறு குற்றங்களை விசாரிப்பது, விதிகள் செய்வது எல்லாம் அதே சபை. சட்டசபை, மந்திரிசபை, நியாய ஸ்தலம் மூன்றும் ஒரே அறையில், ஒரே கணப்பைச் சுற்றி! அரசியல் சாஸ்திரம் படித்தவர்கள் இதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். எனினும் கிரீன்லாந்துக்காரர் ஒருவர் அதிகாரத்துடன் வாய் திறந்து பேசிய முதல் சபை அதுதான்.

ரிங்க் இன்னொரு காரியமும் செய்தார். 1861-இல் நாட்டு பாஷையிலேயே ஒரு பத்திரிகையைத் தொடங்கி வைத்தார். அதற்குப் படங்கள் வரைந்து, அச்சுக் கோத்து, ஓட்டி, ஊர்களுக்கு அனுப்பியதெல்லாம் கிரீன்லாந்து இளைஞர்கள். குடிசையில் திமிங்கிலக் கொழுப்பு விளக்கடியில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பதை மனக்கண்ணால் பாருங்கள். சட்டசபை வருவதற்கு நூறு வருஷங்களுக்கு மேலாக அந்தப் பத்திரிகை அவர்களைத் தங்கள் பாஷையில் பொது விஷயம் பேசப் பழக்கிற்று. படப் பத்திரிகை படிக்கும் நேயர்கள் இதைக் கவனித்துக்கொள்ளலாம்.

பிறகு 1911-இல் வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு மாகாண ஆலோசனை சபைகள் ஏற்பட்டன. 1951-இல் இரண்டும் ஒன்றாயின. ஆலோசனை சொல்லலாம், கேட்பதும் கேட்காததும் கோபன்ஹேகனின் இஷ்டம்.

பெயருக்குச் சமத்துவம்

1953-இல் டென்மார்க் புதிய அரசியல் சட்டம் செய்துகொண்டது. அதன்படி கிரீன்லாந்து குடியேற்ற நாடாக இருந்தது போய், டென்மார்க்கின் ஒரு பாகமாகிவிட்டது. டேனிஷ் பார்லிமெண்டில் இரண்டு ஸ்தானமும் கிடைத்தது. அந்த அரசியல் சட்டத்துக்காக டென்மார்க்கில் சர்வஜன வாக்கெடுப்பு நடந்தது, கிரீன்லாந்தில் நடக்கவில்லை. வீட்டை ஒன்றாகச் சேர்க்கும்போது ஒரு பங்காளியிடம் மட்டும் கையெழுத்து வாங்கிய கதை!

சமத்துவத்தின் பெயரால் வந்தவை அநேகம். ஆஸ்பத்திரி வந்தது, க்ஷய ரோகம் குறைந்தது, பள்ளிக்கூடம் வந்தது. இவற்றை மறைப்பது நியாயமாகாது. கூடவே டேனிஷ் பாஷை வந்தது, டேனிஷ் தச்சர்களும் உபாத்தியாயர்களும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1964-இல் ஒரு சம்பள விதி செய்தார்கள்: ஒரே வேலை பார்க்கும் இருவரில் கிரீன்லாந்தில் பிறந்தவனுக்குச் சம்பளம் குறைவு. 1972-இல் குல்லிசாட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரையே மூடி ஜனங்களை வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள். அதே வருஷம் அக்டோபரில் டென்மார்க் ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் சேரலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. கிரீன்லாந்தில் நூற்றுக்கு 70 பேர் கூடாது என்றார்கள். அவர்கள் கடலில் அயலார் வந்து மீன் பிடித்துப் போவார்களே என்பது கவலை. டென்மார்க்கின் மொத்தக் கணக்கில் அந்த ஓட்டுகள் எங்கேயோ கரைந்துபோயின. 1973-இல் டென்மார்க்குடன் கிரீன்லாந்தும் கைப்பிடித்து உள்ளே இழுக்கப்பட்டது.

இந்த ஓட்டுத்தான் திருப்பம். கோபன்ஹேகனில் படித்துவிட்டுத் திரும்பிய இளைஞர்கள் சீமுட் என்ற கட்சியைத் திரட்டினார்கள். 'முன்னேறு' என்பது அதன் பொருள். அவர்களில் ஜோனாதன் மோட்ஸ்ஃபெல்ட் ஒரு பாதிரியார். தூ கிறிஸ்டியான்சன் ஓர் உபாத்தியாயர்.

சட்டசபை பிறந்தது

1975-இல் ஒரு கமிஷன் ஏற்பட்டது. டேனிஷ் ராஜதந்திரிகளும் கிரீன்லாந்துப் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் அமர்ந்தார்கள். ஈசி ஃபொய்கெல் என்ற சட்டப் பேராசிரியர் தலைவர். பேச்சு வார்த்தை மூன்று வருஷம் நடந்தது. பூமிக்கு அடியில் இருக்கும் கனிப் பொருள் யாருடையது என்ற கேள்வியில்தான் பெரிய தகராறு. முடிவில், இரு தரப்பும் சம்மதித்தால்தான் எடுக்கலாம் என்று சமரசம் செய்துகொண்டார்கள். 1978 நவம்பரில் டேனிஷ் பார்லிமெண்டு சுயாட்சிச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 1979 ஜனவரி 17-ந் தேதி கிரீன்லாந்து ஜனங்களிடம் வாக்குக் கேட்டார்கள். இந்தத் தடவை அந்த ஓட்டு எங்கும் கரையவில்லை. நூற்றுக்கு 70 பேர் வேண்டும் என்றார்கள்.

ஏப்ரலில் தேர்தல். 21 ஸ்தானங்களில் சீமுட் 13. டென்மார்க்குடன் நெருங்கியே இருக்க விரும்பிய அட்டாசுட் கட்சிக்கு 8. மே மாதம் முதல் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. மோட்ஸ்ஃபெல்ட் முதல் பிரதம மந்திரியானார். 'கோட்ஹோப்' என்று டேனிஷ் பெயர் வழங்கிய தலைநகரம் 'நூக்' என்ற சொந்தப் பெயரைத் திரும்பப் பெற்றது.

அந்தச் சட்டத்தின் அமைப்பு விசித்திரமானது. அதிகாரத்தை ஒரே நாளில் மூட்டை கட்டிக் கொடுக்கவில்லை. ஒரு ஜாபிதா போட்டார்கள்: மீன் பிடித்தல், வேட்டை, பள்ளிக்கூடம், மாதா கோயில், வீடு, வியாபாரம், வைத்தியம் என்று. எது எப்போது வேண்டுமோ அப்போது எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டால் அந்த இலாகாவுக்கு டென்மார்க் செலவிட்ட பணமும் மானியமாகக் கூடவே வரும். மாற்றப்பட்ட இலாகா, ஒதுக்கப்பட்ட இலாகா என்று 1919-ஆம் வருஷத்துச் சீர்திருத்தத்தில் நம்மைக் குழப்பினார்களே, அதை நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே சட்டசபையின் தீர்மானத்தை ரத்துச் செய்ய ஒரு கவர்னர் கிடையாது. டென்மார்க்கின் பிரதிநிதி ஒருவர் நூக்கில் இருக்கிறார். அவருக்கு ஓட்டு இல்லை.

1980-இல் பள்ளிக்கூடமும் மாதா கோயிலும் வந்தன. 1980-களின் மத்தியில், இரு நூற்றாண்டுகளாகக் கொழுப்பும் தோலும் வாங்கி வந்த வியாபார ஸ்தாபனம் சுயாட்சியின் கைக்கு மாறிற்று. 1992-இல் வைத்தியம். நடுவில் ஐரோப்பிய சமூகத்து விஷயத்தையும் மறக்கவில்லை. 1982-இல் மறுபடி வாக்கெடுத்து, 1985 பிப்ரவரி முதல் தேதி அதிலிருந்து வெளியேறினார்கள். அதே வருஷம் கொடி. தூ கிறிஸ்டியான்சன் வரைந்த படம்: பாதி வெள்ளை, பாதி சிவப்பு, நடுவில் நிறம் மாறிய ஒரு வட்டம், பனியின் மேல் இறங்கும் சூரியனைப் போல. சட்டசபையில் 14 பேர் ஆம், 11 பேர் இல்லை. மற்ற வடதேசத்தாரைப் போலச் சிலுவைக் கொடி வேண்டும் என்றவர்கள் தோற்றார்கள்.

இப்படி முப்பது வருஷம் கழிந்த பின் 2008 நவம்பரில் இரண்டாவது வாக்கெடுப்பு. நூற்றுக்கு 75-க்கு மேல் ஆதரவு. 2009 ஜூன் 21-ந் தேதி, அங்கே சூரியன் பெயருக்குத்தான் அஸ்தமிக்கும் நாளில், டென்மார்க்கு ராணி மார்க்ரெத் கிரீன்லாந்துப் பெண்களின் மணிக்கோவை அங்கியை உடுத்திக்கொண்டு நூக்கிற்கு வந்து, புதிய சுயாட்சிச் சட்டத்தைச் சட்டசபைத் தலைவரிடம் கொடுத்தார். கிரீன்லாந்து ஜனங்கள் சர்வதேச சட்டப்படி சுயநிர்ணய உரிமை உள்ள ஒரு தனி ஜன சமூகம் என்று அதன் முகவுரையே சொல்கிறது. பிரிந்து போவதானால் எப்படிப் போவது என்பதற்குக் கூட அதில் ஒரு பிரிவு இருக்கிறது. கிரீன்லாந்து பாஷையே ஆட்சி பாஷை. சட்டசபைக்கு இனாட்சிசார்ட்டுட், அதாவது சட்டம் செய்பவர்கள், என்று பெயர். அங்கத்தினர் 31 பேர். மந்திரிசபைக்கு நாலக்கெர்சூயிசுட், ஆட்சி செய்பவர்கள், என்று பெயர். பிரதம மந்திரியைச் சட்டசபையே தேர்ந்தெடுக்கிறது. பெயர்கள் நம் நாக்கில் புரளாவிட்டாலும் பரவாயில்லை. அவர்கள் நாக்கில் புரளுகின்றன.

ஆனால் பணத்தின் கணக்கு மாறிவிட்டது. டென்மார்க்கின் மானியம் வருஷத்துக்கு 343 கோடி 96 லட்சம் குரோன் என்று 2009-ஆம் வருஷத்து விலைவாசியில் நிலைநிறுத்தப்பட்டது. விலைவாசி ஏறினால் அதுவும் ஏறும். கனிப் பொருள் வருமானம் ஏழரைக் கோடி குரோனுக்கு மேல் போனால் மேற்பட்டதில் பாதியை மானியத்தில் கழித்துக்கொள்வார்கள். இனி எந்த இலாகாவை எடுத்துக்கொண்டாலும் அதற்கென்று காசு வராது. செலவு முழுவதும் எடுத்துக்கொள்கிறவர் தலையில்.

எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டு வைத்த அந்த ஜாபிதாவில்தான் போலீஸ், சிறை, கோர்ட்டு எல்லாம் இருக்கின்றன.

மூன்றாவது கால்

கோர்ட்டுக் கதைக்கு 1948-க்குத் திரும்ப வேண்டும். அந்த வருஷமும் மறு வருஷமும் டென்மார்க்கிலிருந்து ஒரு சட்ட ஆராய்ச்சிக் கோஷ்டி வந்து ஊர் ஊராகச் சுற்றிற்று. அதுவரை டேனிஷ்காரன் குற்றம் செய்தால் டேனிஷ் சட்டம். கிரீன்லாந்துக்காரன் செய்தால் ஊர் சபைகளின் வழக்கம். அந்த வழக்கம் என்ன என்று இளம் சட்ட நிபுணர்கள் குறித்துக்கொண்டார்கள். குற்றம் எவ்வளவு பெரியது என்பதைவிட, இந்த மனிதனை என்ன செய்தால் திருந்துவான் என்றே சபைகள் யோசித்தன என்பதைக் கண்டார்கள். அதை வைத்து 1954-இல் எழுந்த குற்றச் சட்டம் உலகத்திலேயே அபூர்வமானது. அதில் சாதாரணத் தண்டனையாகச் சிறையே கிடையாது. எச்சரிக்கை, அபராதம், மேற்பார்வை, வேறு ஊருக்கு அனுப்புதல் இவைதான். பின்னால் விடுதிகள் கட்டியபோதும், பகலில் வெளியே போய் வேலை செய்துவிட்டு இரவில் வந்து அடைபடுவது வழக்கமாயிற்று.

நியாயாதிபதியும் அப்படியே. ஜில்லா கோர்ட்டில் தீர்ப்புச் சொல்கிறவர் சட்டக் கல்லூரியில் படித்தவரல்ல. அந்தப் பிரதேசத்து மனிதர். பக்கத்தில் ஊராரில் இருவர் உட்காருவார்கள். பிரதிவாதிக்காகப் பேசுகிறவரும் பெரும்பாலும் பட்டம் பெற்ற வக்கீல் அல்லர். விசாரணை கிரீன்லாந்து பாஷையில் நடக்கும். ரிங்கின் சபையும் பழைய பாட்டுச் சண்டையும் மறு பிறவி எடுத்த மாதிரி! 2010-இல் சட்டங்களைத் திருத்தி எழுதி, ஜில்லா கோர்ட்டுகளை நாலாகக் குறைத்து, நியாயாதிபதிகளுக்குப் பயிற்சியை அதிகப்படுத்தினார்கள். ஊர் மனிதர் தீர்ப்புச் சொல்லும் முறையை மாற்றவில்லை.

இவ்வளவு நேர்த்தியான கோர்ட்டை ஏன் தங்களுடையதாக்கிக்கொள்ளவில்லை?

ஒரு படி மேலே ஏறிப் பாருங்கள். அப்பீல் செய்தால் வழக்கு நூக்கில் உள்ள உயர் நியாய ஸ்தலத்துக்குப் போகும். அங்கே சட்டம் கற்ற நியாயாதிபதி வேண்டும். சட்டம் கற்பதென்றால் பரம்பரையாக டென்மார்க்கில், டேனிஷ் பாஷையில்தான். அப்படிக் கற்றுப் பட்டம் பெற்ற கிரீன்லாந்துக்காரர் மிகச் சிலர். ஆகையால் உயர்ந்த ஆசனத்தில் பெரும்பாலும் டேனிஷ்காரரே அமர்கிறார், நடுவில் மொழிபெயர்ப்பாளர். நாம் ஒரு வாக்கியத்தில் சொல்வதைக் கிரீன்லாந்து பாஷையில் ஒரே நீண்ட சொல்லில் அடக்கிவிடலாம். அந்தச் சொல்லை அவிழ்த்து டேனிஷில் பரப்பும்போது ஒரு நுனி விட்டுப்போனால், விட்டுப்போவது ஒருவனுடைய சில வருஷங்களாக இருக்கலாம். அதற்கும் மேலே போனால், விசேஷ அனுமதியின் பேரில், கோபன்ஹேகனில் உள்ள சுப்ரீம் கோர்ட்டு. அது மட்டும் ஜாபிதாவிலேயே இல்லை. டேனிஷ் அரசியல் சட்டம் இருக்கிறவரை அது மாறாது. சட்டசபைக்கும் டென்மார்க்குக்கும் அதிகார எல்லையில் தகராறு வந்தால் தீர்க்கிற குழுவிலும் கதை இதுவே. இரு தரப்பிலும் இரண்டு இரண்டு பேர். அவர்கள் ஒத்துப்போகாவிட்டால் முடிவு சொல்கிறவர்கள் சுப்ரீம் கோர்ட்டு நியாயாதிபதிகள் மூவர்.

அந்தச் சுப்ரீம் கோர்ட்டில் கிரீன்லாந்தார் நியாயம் கேட்ட ஒரு வழக்கைச் சொல்கிறேன். வட கோடியில் தூலே என்ற இடத்தில் அமெரிக்காவின் விமானத் தளம் இருக்கிறது. அதை விஸ்தரிப்பதற்காக 1953 மே மாதம் அங்கே பரம்பரையாக வேட்டையாடி வந்த 27 குடும்பங்களை, 116 பேரை, சில நாள் அவகாசத்தில் கிளப்பிவிட்டார்கள். நாய் வண்டிகளில் சாமானை ஏற்றிக்கொண்டு வடக்கே கானாக்கிற்குப் போனார்கள். மே மாதத்தில் கிளப்பினார்கள். ஜூன் மாதத்தில் அவர்களுக்குச் சம உரிமை அளிக்கும் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. நாற்பது வருஷங்களுக்கு அப்புறம், 1996-இல், பிள்ளைகளும் பேரன்மாரும் வழக்குத் தொடுத்தார்கள். 1999-இல் டென்மார்க்கு உயர் கோர்ட்டு, செய்தது தவறுதான் என்று சொல்லி, ஜன சமூகம் முழுவதற்குமாக ஐந்து லட்சம் குரோன் ஈடு அளித்தது. பழைய இடத்துக்குத் திரும்பும் உரிமையை அளிக்கவில்லை. 2003 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. அந்த நியாயாதிபதிகள் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. கிளப்பிவிட்ட அரசாங்கத்தின் தலைநகரத்துக்கே கடல் கடந்து போய், அதன் பாஷையில் முறையிட வேண்டியிருந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

இத்தனை தெரிந்தும் இனாட்சிசார்ட்டுட் கோர்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளாமல் இருப்பதற்குச் சோம்பல் காரணமல்ல. சட்டசபைக்கு 31 பேர் வேண்டும். அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் தேர்ந்தெடுத்துவிடலாம். நியாயாதிபதிகளையும் வக்கீல்களையும் தேர்தலில் தேர்ந்தெடுக்க முடியாது, வளர்க்க வேண்டும். சிறு பையன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, தேறி, சட்டம் படித்து, பத்து வருஷம் வாதாடி, ஆசனத்தில் உட்கார ஒரு தலைமுறை செல்லும். 56,000 பேருக்குள் அவர்களைத் தேட வேண்டும். அவர்களையே மந்திரிகளாகவும் காரியதரிசிகளாகவும் சட்டசபை இழுத்துக்கொள்கிறது. தவிர, பல நூறு மைல் கடற்கரை நெடுகப் போலீஸும் சிறையும் கோர்ட்டும் நடத்தும் செலவைச் சொந்தப் பையிலிருந்து கொடுக்க வேண்டும். அந்தப் பையில் பாதிக்குச் சமீபம் டென்மார்க்கின் மானியம். மிச்சத்துக்குப் பெரும்பாலும் இறாலும் மீனும்.

2023 ஏப்ரலில் சுதந்திர தேசத்துக்கான ஒரு நகல் அரசியல் சட்டத்தைக் கிரீன்லாந்து பாஷையில் எழுதி வெளியிட்டார்கள். 2025 மார்ச்சுத் தேர்தலில், அமெரிக்க ஜனாதிபதி அந்தத் தீவு தமக்கு வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், நிதானமாகச் சுதந்திரத்தை நோக்கிப் போகலாம் என்ற கட்சிக்கு முதல் ஸ்தானம் கிடைத்தது. ஜென்ஸ் ஃபிரெடரிக் நீல்சன் நாலு கட்சிகள் சேர்ந்த மந்திரிசபை அமைத்தார். நிதானம் என்ற சொல்லில் இந்தக் கோர்ட்டு விஷயமும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னும் ஒன்று பாக்கி. சிறையே இல்லாத அந்தக் கருணையான சட்டத்துக்கு ஒரு மறு பக்கம் இருந்தது. வெளியே விட்டால் ஆபத்து என்று கருதப்பட்ட ஒரு சிலரைப் பூட்டி வைக்கக் கிரீன்லாந்தில் இடமே இல்லை. ஆகவே காலவரையற்ற காவல் என்று தீர்ப்பாகிறவர்களை டென்மார்க்கில் ஹெர்ஸ்டெட்வெஸ்டர் என்ற ஊரிலுள்ள சிறைக்கு அனுப்பினார்கள். நூக்கிலிருந்து சுமார் 3,500 கிலோமீட்டர். காவலாளிக்கு அவர்கள் பாஷை தெரியாது; பக்கத்து அறைக்காரனுக்கும் தெரியாது; தாயும் மனைவியும் வந்து பார்ப்பதற்கு விமானக் கட்டணம் கொடுத்து மாளாது. விடுதலை எந்த நாள் என்பதும் தீர்ப்பில் எழுதியிருக்காது. அந்தமானுக்குப் போனவர்களின் வீடுகளைக் கண்டவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை.

2019-இல் நூக்கில் புதிதாக ஒரு சிறை திறந்தார்கள். கடலிடுக்கையும் பனி மலையையும் பார்த்த கட்டடம். கட்டியது டென்மார்க்கின் சிறை இலாகா. அதை நடத்துவதும் அந்த இலாகாதான். ஹெர்ஸ்டெட்வெஸ்டரில் இருந்தவர்களுக்கு ஊர் திரும்ப வழி பிறந்தது. நூக் நகரத்துத் தாயார் ஒருத்தி இனி மகனைப் பார்க்கக் கடல் கடக்க வேண்டாம், நடந்தே வரலாம்.